தட்டில் இருப்பது யார் வயலில் விளைந்தது?

வெளியூர் போகிறவர்கள் முதலில் கேட்பது, "அங்கே எங்கே நல்லா சாப்பிடலாம்?" என்பதுதான். அதே ஊருக்கு ஒரு விவசாயி போனால் கேள்வி கொஞ்சம் மாறும். "இது யார் வயலில் விளைந்தது? சாப்பிடுகிறவர் கொடுக்கும் காசில் அந்த விவசாயிக்கு எவ்வளவு போகிறது?" என்று கேட்பார். இந்த இரண்டு கேள்விக்கும் ஒரே இடத்தில் பதில் தேடிப் பார்க்க ஏற்ற ஊர், இங்கிலாந்தின் கார்ன்வால் மாவட்டம்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், மூன்று பக்கமும் கடல் சூழ நீண்டு கிடக்கிறது கார்ன்வால். தரைவழியாக ஒட்டியிருக்கும் ஒரே மாவட்டம் டெவன். நடுவே ஓடும் டேமர் ஆறுதான் பெரும்பாலும் எல்லை. கடற்காற்று இருப்பதால் மற்ற பகுதிகளைவிடக் குளிர் குறைவு. புல் செழித்து வளரும். அதனால் கறவை மாடு வளர்ப்பவர்கள் அதிகம். காலிஃபிளவர், முன்பருவ உருளைக்கிழங்கு, டாஃபடில் பூ ஆகியவையும் அங்கே முக்கியமான வெள்ளாமை. ஒரு காலத்தில் ஊருக்குச் சோறு போட்ட வெள்ளீய, செம்புச் சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன. இன்று கோடையில் வந்து குவியும் சுற்றுலாப் பயணிகளை நம்பித்தான் பல குடும்பங்கள் பிழைக்கின்றன.

சுரங்கத்துக்குப் போன சாப்பாடு

கார்ன்வாலில் எந்த ஊர்க் கடைத்தெருவுக்குப் போனாலும் பேஸ்டி கிடைக்கும். பார்க்கப் பெரிய சோமாசி மாதிரி இருக்கும். கோதுமை மாவுக்குள் மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், டர்னிப் வகைக் கிழங்கு ஒன்று, உப்பு, மிளகு வைத்து, ஓரத்தை முறுக்கி மடித்து, அடுப்பில் சுடுகிறார்கள். தட்டும் கரண்டியும் வேண்டாம், கையில் பிடித்தே சாப்பிடலாம். சுரங்கத் தொழிலாளிகள் மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போனது இதைத்தான்.

நாட்டின் எந்த மூலையில் செய்தாலும் 'கார்னிஷ் பேஸ்டி' என்று பெயர் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். உள்ளூர்த் தயாரிப்பாளர்கள் சங்கமாகச் சேர்ந்து பல ஆண்டுகள் போராடி, 2011-ல் அந்தப் பெயருக்குப் பாதுகாப்பு வாங்கினார்கள். இப்போது அந்தப் பெயரில் விற்க வேண்டுமென்றால் கார்ன்வாலில்தான் உருட்டி மடிக்க வேண்டும். இறைச்சி குறைந்தது 12.5 சதவிகிதம், காய்கறி குறைந்தது 25 சதவிகிதம் இருக்க வேண்டும். ஓர மடிப்பு பக்கவாட்டில்தான் வர வேண்டும், உச்சியில் வரக் கூடாது.

விவசாயி கவனிக்க வேண்டியது இனிமேல்தான் வருகிறது. உள்ளே வைக்கும் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் கார்ன்வாலில் விளைந்ததாக இருக்க வேண்டும் என்று அந்த விதியில் இல்லை. பல கடைக்காரர்கள் உள்ளூர்ப் பொருளை வாங்குகிறார்கள். பலகையில் எழுதியும் வைக்கிறார்கள். ஆனால், அது அவர்களுடைய விருப்பம். பேஸ்டி சாப்பிட நல்ல கடை எது என்று கேட்டால், கிழங்கு எந்தப் பண்ணையிலிருந்து வருகிறது என்று கேட்டதும் பதில் சொல்லக்கூடிய கடைதான்.

பாலாடைக்குள் இருக்கும் பாதுகாப்பு

மாலை நேரத்தில் அங்கே எல்லோரும் தேடுவது 'க்ரீம் டீ'. ஸ்கோன் என்ற சின்ன பன்னை இரண்டாகப் பிளந்து, ஜாம் தடவி, மேலே கெட்டியான பாலாடை வைத்து, தேநீரோடு தருவார்கள். கார்ன்வாலில் ஜாம் முதலில், பாலாடை பிறகு. பக்கத்து டெவனில் பாலாடை முதலில், ஜாம் பிறகு. இதற்காக இரண்டு மாவட்டத்துக்காரர்களும் இன்றுவரை விளையாட்டாகச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

அந்தப் பாலாடையை மெதுவாகச் சூடாக்கி, ஆறவிட்டு எடுக்கிறார்கள். மேலே பொன்னிறத்தில் ஏடு படிந்திருக்கும். கொழுப்பு குறைந்தது 55 சதவிகிதம் இருக்க வேண்டும். 1998-லேயே இதற்குப் பெயர்ப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. ஆனால், இது பேஸ்டிக்குக் கிடைத்த பாதுகாப்பைவிட இறுக்கமான வகை. பாலாடையைச் செய்யும் இடம் மட்டுமல்ல, கறக்கும் பாலும் கார்ன்வாலில் கறந்ததாக இருக்க வேண்டும். விலை மலிவு என்று வேறு மாவட்டத்திலிருந்து டேங்கரில் பால் கொண்டுவந்து, இந்தப் பெயரில் விற்க முடியாது. இதனால் பால் விலை தானாக ஏறிவிடாது. ஆனாலும், அந்த ஊர் மாட்டை விட்டுவிட்டு அந்த ஊர்ப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போக யாராலும் முடியாது.

அதே மீன், வேறு பெயர்

மீன் சாப்பிட நியூலின், பேட்ஸ்டோ போன்ற துறைமுக ஊர்களுக்குப் போகலாம். பேட்ஸ்டோவில் சமையல்காரர் ரிக் ஸ்டைன் 1975-ல் தொடங்கிய மீன் உணவகம்தான் அந்தச் சின்ன ஊரை நாடறியச் செய்தது.

நியூலின் மீனவர்களின் கதை இன்னும் முக்கியமானது. அங்கே கிடைக்கும் 'பில்ச்சர்ட்' நம்முடைய மத்திக்கு உறவு. பல தலைமுறைகளாக அதை உப்பில் போட்டு இத்தாலிக்கு அனுப்பினார்கள். பிறகு அந்தப் பெயரைக் கேட்டாலே டப்பா மீன்தான் நினைவுக்கு வரும் என்ற நிலை வந்து, உள்ளூரில் மவுசு போய்விட்டது. 1990-களில் அதே மீனை 'கார்னிஷ் சார்டின்' என்ற பெயரில் புதிதாகவே, ஐஸில் வைத்து விற்கத் தொடங்கினார்கள். கடலும் மாறவில்லை, மீனும் மாறவில்லை. ஆனால், உணவகங்கள் அதைக் கேட்டு வாங்கி, தணலில் சுட்டுப் பரிமாறத் தொடங்கின.

ஃபால்மத் பக்கம் போகிறவர்கள் அக்டோபர் முதல் மார்ச் வரை ஃபால் ஆற்று முகத்துவாரத்துச் சிப்பி சாப்பிடலாம். அங்கே இயந்திரப் படகில் சிப்பி வாரத் தடை. பாய்மரத்திலும் துடுப்புப் படகிலும்தான் வாரலாம். ஒரு நாளில் இவ்வளவுதான் எடுக்க முடியும் என்பதால் சிப்பிப் படுகை பிழைத்திருக்கிறது, தொழிலும் பிழைத்திருக்கிறது.

குடிப்பதற்கும் உள்ளூர்ச் சரக்கு உண்டு. ட்ரூரோ அருகே ட்ரெகோத்னன் பண்ணையில் தேயிலை பயிரிட்டு 2005 முதல் விற்கிறார்கள். போட்மின் அருகே கேமல் வேலியில், விமானப்படையிலிருந்து விலகிய ஒருவர் மனைவியோடு சேர்ந்து 1989-ல் திராட்சை நட்டு, இன்று ஒயின் தயாரிப்பில் பெயர் பெற்றிருக்கிறார்கள்.

கிராமச் சாலைகளில் இன்னொரு கடையும் உண்டு. பண்ணை வாசலில் ஒரு அலமாரி. அதில் முட்டை, கிழங்கு, பூங்கொத்து. பக்கத்தில் ஒரு உண்டியல். எடுப்பவர் காசைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். நடுவில் ஆளே இல்லாத விற்பனை, மொத்தக் காசும் விவசாயிக்கு.

மறுபக்கமும் உண்டு

கார்ன்வாலில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். கடற்கரை ஊர்களில் பணக்காரர்கள் விடுமுறைக்கென்று வீடு வாங்கிப் பூட்டிவைக்கிறார்கள். மீன் பிடிப்பவரும் சமைப்பவரும் பரிமாறுபவரும் அதே ஊரில் வாடகைக்குக்கூட வீடு கிடைக்காமல் தள்ளிப் போக வேண்டியிருக்கிறது. செயின்ட் ஐவ்ஸ் ஊர் மக்கள் 2016-ல் வாக்கெடுப்பு நடத்தி, புதிதாகக் கட்டும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கே என்று முடிவு செய்தார்கள். ஊர்ப் பெயர் புகழ் பெற்றால் மட்டும் போதாது, ஊர்க்காரரும் அங்கே வாழ முடிய வேண்டும் என்பதை அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி

தமிழ்நாட்டிலும் கொடைக்கானல் மலைப்பூண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலைமிட்டாய் என்று பல பொருள்கள் புவிசார் குறியீடு வாங்கியிருக்கின்றன. அதற்கான பதிவகமே சென்னையில்தான் இருக்கிறது. குறியீடு வந்த அன்று செய்தித்தாளில் படம் வருகிறது. அதன்பிறகு பல விவசாயிகள் அதை மறந்துவிடுகிறார்கள்.

குறியீட்டை ஒரு சங்கம் வாங்கினாலும், விளைவிப்பவரும் தயாரிப்பவரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அப்போதுதான் அந்தக் குறியீட்டைத் தன் மூட்டையில் உரிமையோடு போட முடியும். பதிவை 10 ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்கவும் வேண்டும்.

உங்கள் ஊர்ப் பொருளுக்கு யாராவது குறியீட்டு விண்ணப்பம் தயாரித்தால், கையெழுத்துப் போடும் முன் ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். மூலப்பொருள் எங்கே விளைய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால் அது கார்ன்வால் பாலாடை மாதிரி. விவசாயிக்கும் அதில் இடம் உண்டு. எழுதாவிட்டால் பேஸ்டி மாதிரி. கடைக்காரர் மனது வைத்தால்தான் உண்டு. அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி ஊர்க் கூட்டத்தில் கேட்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. விண்ணப்பம் போன பிறகு கேட்டுப் பயனும் இல்லை.