அப்பா என்ன வேலை பாக்குறார்?

2023 மே 13, சனிக்கிழமை. மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பத்தில் சாராயம் குடித்தவர்களுக்கு வாந்தி, மயக்கம், கண் மங்கல். விற்றவர்கள் ஊற்றிக் கொடுத்தது மெத்தனால். மரக்காணம் பகுதியில் மட்டும் 14 பேர் இறந்தார்கள். முதல்வர் முண்டியம்பாக்கம் மருத்துவமனைக்கு வந்து பார்த்தார். இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. குடித்துச் செத்தவனுக்கு எதற்குக் காசு என்ற கேள்வி தொலைக்காட்சியிலும் டீக்கடையிலும் பல நாள் ஓடியது.

அந்தக் கேள்வி அந்த வீட்டுப் பிள்ளைகளின் காதிலும் விழுந்திருக்கும்.

மரக்காணம் கடற்கரை சாவுக்குப் புதியதல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011-இல் தானே புயல், 2020-இல் நிவர் புயல் என்று கடல் அடிக்கடி கணக்குக் கேட்டிருக்கிறது. ஆனால் சுனாமியில் அப்பனைப் பறிகொடுத்த பிள்ளையால் அதை எவரிடமும் சொல்ல முடிந்தது. ஊரே சேர்ந்து அழுதது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவர்கள் வந்து உள்ளூர் இளைஞர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். படம் வரைவது, பாடுவது, விளையாடுவது என்று பிள்ளைகளைப் பேச வைத்தார்கள். இப்படிப்பட்ட பேரிடருக்குப் பிறகு பிள்ளைகள் ஓடுவதையும் ஒளிவதையுமே விளையாட்டாக்கிக்கொள்வார்கள். பெரியவர்களுக்கு அது அபசகுனம், அதட்டி நிறுத்துவார்கள். பிள்ளைக்கோ வாயால் சொல்ல வராததைச் சொல்ல அதுதான் வழி.

‘சின்னப் புள்ள, மறந்துடும்’ என்பது உலகம் முழுக்க இருந்த நம்பிக்கைதான். 1976-இல் அமெரிக்காவின் சவுச்சில்லா என்ற சிற்றூரில் 26 பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தோடு கடத்தி, ஒரு கல்குவாரியில் மண்ணுக்கடியில் அடைத்து வைத்தார்கள். அத்தனை பேரும் உயிரோடு மீண்டார்கள். மனநல மருத்துவர் லெனோர் டெர் சில ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோது, அவர் சந்தித்த பிள்ளைகளில் ஒருவர்கூட அதை மறந்திருக்கவில்லை. கெட்ட கனவும் காரணமில்லாத பயமும் கூடவே வளர்ந்திருந்தன.

சாராயச் சாவில் பயத்தோடு வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டால் பிள்ளை என்ன சொல்லும்? வீட்டிலேயே கதை மாறும்: ‘அப்பா ஊருக்குப் போயிருக்காரு’, ‘சாமிகிட்ட போயிட்டாரு’. ஐந்து வயதுக் குழந்தை அவர் திரும்பி வருவார் என்று வாசலைப் பார்க்கும். எட்டு வயதுக்காரன் பழையபடி படுக்கையை நனைப்பான். காலையில் பையைத் தோளில் மாட்டியதும் வயிறு வலிக்கும் என்பான். வலி பொய்யில்லை. பத்து வயதுக்காரி, அன்றைக்குத் தான் அப்பாவோடு சண்டை போட்டதால்தான் இப்படி ஆகிவிட்டது என்று எவரிடமும் சொல்லாமல் கணக்குப் போட்டு வைத்திருப்பாள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குடித்துவிட்டு வந்து அம்மாவை அடித்த அப்பா இனி வரமாட்டார் என்பதில் ஒரு நிம்மதி, அதே அப்பா தோளில் தூக்கிப்போன நினைப்பில் அழுகை, இரண்டும் ஒரே பிள்ளைக்குள் இருக்கும். நிம்மதிப்பட்டதற்காகவே அது தன்னைத் திட்டிக்கொள்ளும்.

இதற்குத் தேவை சின்னச் சின்ன வாக்கியங்கள். “அப்பா செத்துட்டாரு. இனிமே வரமாட்டாரு. அவர் குடிச்சதுல விஷம் இருந்துச்சு. உன்னால எதுவும் ஆகல.” பிள்ளை கேட்டால் நாளைக்கும் இதையே சொல்லலாம். கேட்கும்.

பயந்த பிள்ளைக்கு மந்திரித்துக் கயிறு கட்டுவதைக் கேலி செய்ய இந்தக் கட்டுரைக்கு மனமில்லை. ‘புள்ள பயந்துருக்கு’ என்று நாலு பேர் முன்னால் ஒப்புக்கொண்டு, மடியில் உட்காரவைத்துத் திருநீறு பூசுவதில் பாதி மருந்து இருக்கத்தான் செய்கிறது. கயிறு கட்டியாகிவிட்டது, இனிப் பேச்சு வேண்டாம் என்று மூடிவிடும்போதுதான் சிக்கல்.

எக்கியார்குப்பத்தில் அது கோடை விடுமுறை. வெயிலால் பள்ளி திறப்பு அந்த ஆண்டு தள்ளிப்போனது. ஆறாம் வகுப்புக்கு மேல் ஜூன் 12, சின்னவர்களுக்கு ஜூன் 14. இழவு வீட்டில் ஒரு மாதம் அடைந்து கிடந்த பிள்ளைக்கு மணியடித்தால் பாடம், மதியம் சத்துணவு, மாலையில் விளையாட்டு என்ற ஒழுங்கே பெரிய பிடிமானம். அதே வகுப்பில்தான் முதல் நாள், “உங்க அப்பா என்ன வேலை பாக்குறார்?” என்று வரிசையாகக் கேட்கும் வழக்கமும் இருக்கிறது. எந்தப் பிள்ளை வீட்டில் என்ன நடந்தது என்று ஆசிரியர் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் இந்த ஒரு கேள்வியைத் தவிர்க்கலாம். ‘சாராயக்காரன் மவன்’ என்று எவனாவது கூப்பிட்டால் அந்த நிமிடமே நிறுத்தலாம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் இதே மெத்தனால் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. நல்ல ஏற்பாடு. மனதுக்கும் உதவி உண்டு: பிள்ளைக்குத் தூக்கமின்மையும் திடுக்கிடலும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும். நேரில் பார்க்க முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குப் போகலாம். ஆனால் மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போய்ப் பஸ் மாற வேண்டும். உப்பளத்தில் உப்பு வாரும் தாய்க்கு அன்றைய கூலி போச்சு. ஒவ்வொரு வாரமும் அப்படிப் போக அவளால் ஆகாது. சுனாமிக்குப் பிறகு கொடுத்த அந்தப் பயிற்சியை இந்தக் கரைப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் நிரந்தரமாகக் கொடுத்தால், அவள் பஸ் ஏற வேண்டிய நாட்கள் பாதியாகக் குறையும்.