ஆறுமணிக் குருவியின் ஊர்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால், சேர்வராயன் மலையிலுள்ள வெள்ளக்கடையில் எங்கள் கொல்லையை ஒட்டிய காப்பித் தோட்டத்துக்குள்ளிருந்து ஒரு விசில் கேட்கத் தொடங்கும். இரண்டே சுரம். விடியலில் சிறிது நேரம், அந்தியில் சிறிது நேரம். அதனால்தான் அதற்கு ஆறுமணிக் குருவி என்று பெயர். சத்தம் வந்த பக்கம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் ஆளும் தென்படும். மைனாவைவிடச் சிறிய உருவம், பச்சை முதுகு, தோளில் பளீரென்ற நீலம், கண்ணை மறைத்தாற்போல ஒரு கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, இல்லையென்றே சொல்லத்தக்க வால். சருகைப் புரட்டிப் புரட்டி மண்புழு பொறுக்கும். சித்திரை வாக்கில் ஒருநாள் விசில் நின்றுபோகும்.

எங்கே போகிறது? தோட்டத்துக்குக் கவாத்து வேலைக்கு வரும் பெரியவரிடம் கேட்டேன். “எங்க போயிரப் போவுது கண்ணு? மேல சேர்வராயன் கோயில் காட்டுக்குள்ளதான் கெடக்கும். மழை வந்தா எறங்கி வரும்” என்றார். சேர்வராயன் கோயில் 1,600 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அந்தப் பக்கம் ஒளிந்துகொள்ள இடமா இல்லை?

புத்தகங்களில் தேடியபோது டி. சி. ஜெர்டன் அகப்பட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் மருத்துவராக இருந்தவர். இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய நூல் 1862-லிருந்து 1864 வரை தொகுதி தொகுதியாக வெளிவந்தது. அதில் இந்தக் குருவியைப் பற்றி அவர் சொல்லும் விவரம் என்னை உலுக்கிவிட்டது. வெயில் காலத் தொடக்கத்தில் மேற்கிலிருந்து தரைக்காற்று பலமாக வீசும்போது இவை கிழக்குக் கடற்கரைச் சமவெளியில் தென்படுகின்றன. பறக்கும் வலு குறைந்த பறவையானதால், கிழக்குத் தொடர்ச்சி மலையிலிருந்து காற்று இவற்றை அடித்துக்கொண்டு வந்துவிடுகிறது போலும் என்கிறார். குடிசை, கொட்டகை, எது கிடைத்தாலும் உள்ளே புகுந்துகொள்ளுமாம். அவர் முதன்முதலாகப் பார்த்த ஆறுமணிக் குருவி மதராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரிக்குள் தஞ்சம் புகுந்திருந்தது. பிறகு நெல்லூரில் இதேபோல அகப்பட்ட பலவற்றை உயிரோடு பெற்றிருக்கிறார்.

சேர்வராயன் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. ஆக, கம்பெனி மருத்துவரும் எங்கள் கவாத்துக்காரப் பெரியவரும் ஒன்றையேதான் சொல்கிறார்கள்: இந்தப் பறவைக்கு மலைதான் ஊர்.

பறவைக்கு ஊர் என்று ஒன்று உண்டென்றால் அது கூடு கட்டும் இடமாகத்தான் இருக்க வேண்டும். ஆறுமணிக் குருவியின் கூடு குச்சியாலும் புல்லாலும் வேராலும் ஆன பெரிய உருண்டை; தரையிலோ தாழ்ந்த கிளையிலோ இருக்கும். முட்டையிடுவது தென்மேற்குப் பருவமழை மாதங்களில். அந்த ஆனி, ஆடியில் வெள்ளக்கடையில் விசிலே கிடையாது. தேனுக்கும் விறகுக்கும் காட்டுக்குள் போய்வருகிறவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். கூட்டைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

அதன்பிறகு ஜெர்டனைத் திரும்பப் படித்தேன். அவர் கண்ணால் கண்டது அத்தனையும் சரி, காரணம்தான் இடிக்கிறது. சென்னையில் அடுக்குமாடிப் பால்கனிகளிலும் கண்ணாடிச் சுவர்களின் அடியிலும் களைத்து விழுந்து கிடக்கும் ஆறுமணிக் குருவிகள் அக்டோபரிலும் கிடைக்கின்றன. அப்போது மேற்கிலிருந்து அனல்காற்று வீசுவதில்லை. வருஷத்தில் இரண்டு பருவங்களில் ஒரே விபத்து நடக்கிறது என்றால், ஒன்று போகும் வழியில், மற்றது திரும்பும் வழியில். இவை இரவில் பயணம் செய்பவை. விளக்கொளி திசையைக் குழப்பிவிடுகிறது. ஆஸ்பத்திரிக்குள் புகுந்தது காற்று உதறிய பறவை அல்ல, வடக்கே ஊர் திரும்பிக்கொண்டிருந்த பறவை என்றே நான் நினைக்கிறேன்.

இன்று இதைச் சரிபார்க்க ஜெர்டனுக்குக் கிடைக்காத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. ஆயிரக்கணக்கான பறவை ஆர்வலர்கள் பதிவிடும் இ-பேர்டு வரைபடத்தை மாதம் மாதமாகத் தள்ளிப் பார்க்கலாம். டிசம்பரில் ஆறுமணிக் குருவியின் புள்ளிகள் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் குவிந்திருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் வடக்கே நகரும். ஜூலையில் எங்கள் மலை வெறுமையாகி, மத்திய இந்தியாவும் இமயமலை அடிவாரமும் நிறைந்துவிடும்.

வரைபடத்தோடு மனசு நிற்கவில்லை. ஓர் ஐப்பசியில் கோடியக்கரைக்குப் போனேன். 1967-லிருந்து சரணாலயமாக இருக்கும் இடம். வருகிறவர்கள் சேற்றுப் பரப்பில் பூநாரையையும் கொசு உள்ளானையும் தேடிக் கடலைப் பார்த்து நிற்பார்கள். நானும் கொஞ்ச நேரம் நின்றேன், பார்க்க வேண்டிய காட்சிதான். பிறகு கடலுக்கு முதுகைக் காட்டி, கரையை ஒட்டிய காட்டுக்குள் நடந்தேன். எங்கள் கொல்லையில் கேட்கும் அதே விசில், முள்ளுப்புதருக்குள்ளிருந்து கேட்டது, பின்னால் அலைச் சத்தம். இங்கே தங்கித் தெம்பேற்றிக்கொண்டு ஒரே இரவில் பாக் நீரிணையைத் தாண்டி இலங்கைக்குப் போகும் பறவைகள் இவை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இங்கே மெல்லிய வலைகளில் பறவைகளைப் பிடித்து, எண் பொறித்த அலுமினிய வளையத்தைக் காலில் மாட்டிப் பறக்கவிட்டு வருகிறது. ஐம்பது, அறுபது கிராம் எடையுள்ள உடம்பு ஒரு கடலைத் தாண்டுகிறது. வலு குறைந்தது என்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுபக்கத்தையும் பார்த்தேன். ஜூன் மாதம் மத்தியப் பிரதேசத்தில் பெஞ்ச் காட்டோரம். எங்களூரில் சருகோடு சருகாக ஒளிந்து திரியும் பறவை, அங்கே தேக்குக் கிளையில் எல்லோரும் பார்க்க உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, நேரங்காலம் இல்லாமல் விசிலடிக்கிறது. அதன் ஊர் அதுதான். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

எங்கள் தோட்டத்துச் சருகில் இதற்கு ஒரு பங்காளியும் உண்டு. வாலை மேலும் கீழும் ஆட்டாமல் பக்கவாட்டில் ஆட்டி நடக்கும் கொடிக்கால் வாலாட்டி. அது வருவது இன்னும் தொலைவிலிருந்து. கிழக்குச் சைபீரியா, கொரியா, ஜப்பான் பக்கம் கூடு கட்டும் பறவை. மர நிழலில் காப்பி வளர்க்கும்வரைதான் தோட்டத்தில் சருகு, சருகு உள்ளவரைதான் இரண்டுக்கும் இங்கே சாப்பாடு. நிழல் மரங்களை வெட்ட நினைக்கும் தோட்டக்காரர் யாரைச் சந்தித்தாலும் இதைச் சொல்லிவிடுகிறேன்.

பெரியவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். கடல் தாண்டும் என்றதும், “இத்துணூண்டு குருவியா?” என்று கேட்டு, விரல் நுனியில் அதன் உயரத்தை அளந்து காட்டினார்.

மலையில் இப்போது விடுதிகள் பெருகி, இரவெல்லாம் விளக்கு எரிகிறது. அக்டோபரிலும் ஏப்ரலிலும் வெளி விளக்குகளை அணைத்துவையுங்கள் என்று தெரிந்த விடுதிக்காரர்களிடம் கேட்டுவருகிறேன், சிலர் அணைக்கிறார்கள். உங்கள் வீட்டு வாசலில் ஆறுமணிக் குருவி மயங்கிக் கிடந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்றோட்டத்துக்குத் துளை போட்ட அட்டைப்பெட்டியில், நாய் பூனை எட்டாத இடத்தில், இருட்டில் வைத்திருங்கள். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். இல்லையென்றால் தெளிந்த பிறகு, மாலை மங்கும் நேரத்தில், மரங்கள் உள்ள இடமாகப் பார்த்துத் திறந்துவிடுங்கள்.