பரப்பு அறிந்து பிரைமர்

புது வீட்டுக்குப் பெயிண்ட் பேச வருகிறவர்கள் முதலில் ஷேட் கார்டை விரிப்பார்கள். நான் சுவரைத் தடவிப் பார்ப்பேன். நிறத்தைக் கடைசி நாளில்கூட மாற்றிக்கொள்ளலாம். அடியில் போன பிரைமர் தவறென்றால் எல்லாவற்றையும் சுரண்டித்தான் ஆகவேண்டும்.

புது சிமென்ட் பூச்சில் காரம் மிக அதிகம். அதன் பிஎச் 12-ஐத் தாண்டும். அதன்மேல் எனாமலை நேராக அடித்தால், ஈரமும் காரமும் சேர்ந்து பெயிண்டில் உள்ள எண்ணெயைச் சோப்பாக்கிவிடும். துணி துவைக்கும் சோப்பு உண்டாகும் அதே வினைதான். பெயிண்ட் பிசுபிசுக்கும், திட்டுத் திட்டாக வெளுக்கும், பிறகு உரியும். காரத்தைத் தாங்கும் சிமென்ட் பிரைமர் இடையில் நிற்பது இதற்காகத்தான். அதற்கும் முன்னால், பூச்சு முடிந்து 28 நாளாவது ஆறவிடச் சொல்வேன். மழைக்காலமென்றால் இன்னும் கூடுதலாக. சந்தேகம் வந்தால் சுவரில் ஒரு பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரவு முழுக்க விடுவேன். காலையில் உள்பக்கம் நீர் கோத்திருந்தால் அன்று டப்பாவைத் திறப்பதில்லை.

பட்டி முதலா, பிரைமர் முதலா என்ற சண்டை வேலை நடக்கும் இடமெல்லாம் உண்டு. வெள்ளை சிமென்ட் பட்டி என்றால் சுவரை நனைத்து நேராகப் பட்டி. காய்ந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகு பிரைமர். அக்ரிலிக் பட்டிக்கு முதலில் பிரைமர்.

இரும்பின் கதை வேறு. கடலோர ஊர்களில் தேய்த்து வைத்த கம்பி மறுநாளே பழுப்பேறிவிடும். தேய்த்த அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் ஏறவேண்டும். "பட்டறையிலிருந்து வரும்போதே கிரில் சிவப்பாத்தானே இருக்கு?" என்பார்கள். பெரும்பாலும் அது தின்னரை ஊற்றி நீர்க்கவைத்து, துரு, வெல்டிங் கசடு எல்லாவற்றின் மேலும் தெளித்தது. நகத்தால் கீறினாலே உதிரும். அப்படிப்பட்டதை முழுக்க எடுத்துவிட்டுத்தான் நான் தொடங்குவேன். கூரான விளிம்பில் பெயிண்ட் தங்காது, விலகிப்போகும். எனவே விளிம்புக்கும் வெல்டிங் மூட்டுக்கும் தனியாக ஒரு கோட் இழுத்த பிறகே மற்ற இடம்.

ஜிஐ தகடு என்னை இன்னும் அதிகம் யோசிக்க வைக்கும். துரு இல்லை, பளபளப்பு இருக்கிறது, எனாமலை நேராக அடிக்கலாம் என்றே தோன்றும். மேலே இருப்பது துத்தநாகம். அதுவும் பெயிண்டின் எண்ணெயோடு சேர்ந்து ஒருவகைச் சோப்பை உண்டாக்கும். சில மழைக்காலங்களில் பெயிண்ட் தாள் தாளாகக் கழன்றுவிடும். சாதாரண ரெட் ஆக்சைடும் எண்ணெய் சார்ந்ததுதான், அது இங்கே உதவாது. எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, துத்தநாகத்தைக் கடித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமரை மெல்லிசாக அடிக்கவேண்டும்.

மரத்தில் என் கவலையெல்லாம் குளியலறைக் கதவின் அடிவிளிம்பு. நீர் ஏறுவது அந்த வெட்டுமுகம் வழியாகத்தான். கதவின் இரு முகத்தையும் எவ்வளவு அழகாக முடித்தாலும் அங்கே வுட் பிரைமர் படவில்லையென்றால் அடிப்பக்கம் ஊதிவிடும். மாட்டிய பிறகு அந்த இடத்தில் பிரஷ் நுழையாது. அதனால் ஆசாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: "அண்ணே, கீல் இறுக்குறதுக்கு முன்னாடி கதவை ஒரு நாள் எனக்குக் குடுத்துடுங்க."