லயத்தில் விடப்பட்ட ஜீவன்

செனாவாங் தோட்டத்துப் பழைய லயத்து வீடொன்றில், குடியிருந்தோர் பட்டணம் பெயர்ந்தபின் அநாதரவாய் விடப்பட்டு, விலா எலும்பு தெரிய, ரோமம் சடைபிடித்து, காதோரம் சிரங்கேறி, மனித சப்தம் கேட்டாலே ஒடுங்கிக்கொண்ட அந்தப் பெண் பூனையை மீட்டு வந்தோம். நெடுநாள் பட்டினி கிடந்த பிராணிக்குத் திடீரென மிகுந்த ஆகாரம் கொடுத்தால், இரத்தத்தின் தாதுப்புகள் நிலைகுலைந்து உயிருக்கே ஆபத்து நேரக்கூடும் என்று மிருக வைத்தியர் எச்சரித்தபடி, பாலைத் தவிர்த்து, வேகவைத்த கோழியிறைச்சியைச் சிறிது சிறிதாகப் பலமுறை ஊட்டினோம். அச்சம் நீங்கி, தானாகவே வந்து மடியில் தலைசாய்த்த பின்னர், கருத்தடை செய்வித்து, சிரம்பானில் அன்புள்ள குடும்பமொன்றிடம் ஒப்படைத்தோம். பிராணிகளைக் கொடுமைப்படுத்துவோருக்கு, மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது. வீடு மாறும் அன்பர்களே, நம்பி வளர்ந்த ஜீவனையும் தயவுசெய்து உடன் அழைத்துச் செல்லுங்கள்.