எரிமலைக் கல்லுக்கு மறதி இல்லை!

'வடக்கு தெற்காகப் போகிறது... பூமிக்கு ஆபத்தா?' போன மாதம் நான் வைத்த தலைப்பு இது. ஒரு மணி நேரத்தில் வியூஸ் எகிறியது. இரவு அம்மாவிடமிருந்து போன். "ஏண்டி, உலகம் அழியப்போகுதுன்னு நீதான் எழுதியிருக்கியாமே? அப்பாவுக்குத் தூக்கமே வரல!"

சுருக்கென்றது. தலைப்பு வைத்த நானே விஷயத்தை முழுசாகப் படிக்கவில்லை. அன்று ராத்திரிதான் உட்கார்ந்து படித்தேன்.

எரிமலைக் குழம்பில் மேக்னடைட் போன்ற இரும்புத் தாதுக்கள் இருக்கின்றன. குழம்பு கல்லாகி, சூடு சுமார் 580 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது, அன்றைக்குப் பூமியின் காந்தப்புலம் இருந்த திசை அந்தத் தாதுக்களில் பதிந்துவிடுகிறது. லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆனாலும் கல் அதை மறப்பதில்லை.

1926-ல் ஜப்பானின் கென்புடோ குகைப் பாறையைச் சோதித்தார் மோட்டோனோரி மாட்டுயாமா. அதில் பதிந்திருந்த திசை, இன்றைக்கு நேர் எதிர்! மற்ற இடங்களின் கற்களையும் பார்த்துவிட்டு, பூமியின் காந்தப்புலமே ஒரு காலத்தில் தலைகீழாக இருந்தது என்று 1929-ல் எழுதினார். அன்று காம்பஸ் இருந்திருந்தால், அதன் வடக்கு முள் தெற்கைக் காட்டியிருக்கும்.

கடைசியாக முழுசாகப் புரண்டது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு. அதுவும் ஒரே நாளில் அல்ல; ஆயிரக்கணக்கான ஆண்டுகளில். நம் ஆதி மனிதர்கள் அதையும் தாண்டித்தான் வந்திருக்கிறார்கள்.

மறுநாள் எடிட்டரிடம் சொல்லித் தலைப்பை மாற்றினேன். வியூஸ் படுத்துவிட்டது. இதையெல்லாம் போனில் அப்பாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர் சொன்னார்: "இதை முதல்லயே எழுதியிருக்கலாமேம்மா!"