பெரியம்மா போன்ல சுத்துன சக்கரம்

மக்களே, ஒரு கேள்வி. உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல ஒரு பக்கத்தைத் திறந்தா, அது டேட்டாபேஸ்கிட்ட எத்தனை தடவை போய்ட்டு வருதுன்னு தெரியுமா? பொங்கல் வரைக்கும் எனக்கும் தெரியாது.

எங்க ப்ராஜெக்ட் உழவர் சந்தை விலைப் பட்டியல். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று நம்ம மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. இதுவே எனக்கு ப்ராஜெக்ட் ஆரம்பிச்ச பிறகுதான் தெரியும். விவசாயிகள் நேரடியாகக் கொண்டுவந்து விற்கிற இடம். அன்றைய விலையை போர்டில் எழுதி வைத்திருப்பார்கள். அண்ணா நகர், சொக்கிகுளம், பழங்காநத்தம், மேலூர்னு டீம்ல நாலு பேரும் ஆளுக்கொரு சந்தைக்குப் போய் போர்டை போட்டோ எடுத்து, 30 காயின் விலையை டைப் செய்து, ஜாங்கோவில் ஒரே பக்கமாகக் காட்டினோம். மொத்தம் 120 வரி. பெரிய விஷயமே இல்லை.

இந்த டாபிக்கை நான் எடுத்ததற்குக் காரணம் பெரியம்மா. அலங்காநல்லூர் பக்கம் கத்தரியும் வெண்டையும் போடுறாங்க. நாளைக்கு எதைப் பறிக்கலாம்னு முந்தின நாளே விலை தெரிஞ்சா அவங்களுக்கு உதவும். பொங்கலுக்குப் போனப்ப பெருமையா லிங்க்கைத் திறந்து போனைக் கையில கொடுத்தேன். வெள்ளைத் திரை. சக்கரம் சுத்துது. சுத்துது.

"ஏப்பா, இது சுத்தி முடிக்கிறதுக்குள்ள நான் ரெண்டு பாத்தி பறிச்சுருவேனே" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாங்க.

சிக்னல் மேல பழியைப் போட்டேன். மதுரைக்கு வந்து வைஃபைல பார்த்தாலும் அதே கதை. லேப்டாப்ல ஓட்டினா மட்டும் கண் சிமிட்டுறதுக்குள்ள வந்துடுது.

அப்பதான், நான் எழுதாத எஸ்.க்யூ.எல்.லைப் படிக்க உட்கார்ந்தேன். எழுதாததுன்னு ஏன் சொல்றேன்னா, ஜாங்கோவில் நாம எழுதுறது பைத்தான். அதை எஸ்.க்யூ.எல்.லாக மாற்றுவது ஓ.ஆர்.எம். முதலில் குவெரிசெட்டின் குவெரியை பிரிண்ட் செய்தேன். அழகான ஒரே ஒரு செலக்ட். இதுல என்ன தப்பு? அடுத்து, சர்வரில் கனெக்ஷனின் குவெரி பட்டியலைப் பார்த்தேன். காலி! டேட்டாபேஸுக்கே போகாம பக்கம் வருதான்னு ஒரு நிமிஷம் குழம்பிட்டேன். டீபக் ஆன்ல இருந்தால்தான் ஜாங்கோ அந்தப் பட்டியலைச் சேர்த்து வைக்கும். சர்வரில் அது ஆஃப், ஆஃபாகத்தான் இருக்கணும்.

கடைசியா லேப்டாப்பில் ஜாங்கோ டீபக் டூல்பாரைப் போட்டேன். 243 குவெரி.

லாகின் செய்திருந்ததால் செஷனுக்கு 1, யூசருக்கு 1. விலைகளை எடுக்க 1. மீதி 240? விலை டேபிளில் காயின் ஐடியும் சந்தையின் ஐடியும் மட்டும்தான் இருக்கு, பெயர் இல்லை. டெம்ப்ளேட்டின் லூப்பில் நான் விலை, புள்ளி, காய், புள்ளி, பெயர் என்று எழுதியிருந்தேன். அந்தப் புள்ளிக்குப் பின்னால ஒரு செலக்ட் ஒளிஞ்சிருக்கு. வரிக்குக் காய்க்கு ஒன்று, சந்தைக்கு ஒன்று. 1-ஆம் எண் சந்தையின் பெயர் என்ன? அண்ணா நகர். அடுத்த வரி: 1-ஆம் எண் சந்தையின் பெயர் என்ன? அண்ணா நகர். இப்படி 30 தடவை! டூல்பாரும் பக்கத்திலேயே டூப்ளிகேட்னு எழுதிக் காட்டுது. குவெரிசெட்டை பிரிண்ட் செய்தால் முதல் செலக்ட் மட்டும்தான் தெரியும், வாலாக வர்ற 240-ம் தெரியாது.

இதுக்குப் பெயர் என் பிளஸ் ஒன் பிரச்னை. டி.பி.எம்.எஸ். லேபில் ஜாயினை மனப்பாடம் செய்து, ரெக்கார்டில் ஸ்கேல் வைத்து அண்டர்லைன் போட்டு மார்க் வாங்கினவன் நான். தேவைப்பட்ட இடத்தில் அதே ஜாயின் என் ஞாபகத்துக்கே வரலை.

சரி, லேப்டாப்ல ஏன் வேகம்? அங்கே எஸ்.க்யூ.லைட். அது நம்ம ப்ரோகிராமுக்குள்ளேயே ஓடுது. அடுப்பங்கரையில் இருக்கும் அஞ்சறைப் பெட்டி மாதிரி, 240 தடவை திறந்தாலும் வலிக்காது. எஸ்.க்யூ.லைட் தளமே சின்னச் சின்ன குவெரிகள் நிறைய போடுவது தங்களிடம் பிரச்னை இல்லைன்னு தனிப் பக்கம் போட்டுச் சொல்லுது. ஆனா எங்க ஹோஸ்டிங்கில் டேட்டாபேஸ் வேற மெஷின்ல, வேற ஊர்ல. கடுகுக்கு ஒரு தடவை, சீரகத்துக்கு ஒரு தடவைன்னு கீழமாசி வீதிக்கு ஆள் அனுப்புற கதை. ஒரு நடைக்கு 30 மில்லிசெகண்ட்னு வெச்சாலும் 7 செகண்ட் காலி.

சரிசெய்ய ஒரே வார்த்தை, செலக்ட் ரிலேட்டட். காய், சந்தை ரெண்டையும் அதில் கொடுத்ததும் ஓ.ஆர்.எம். ஜாயின் போட்டு ஒரே நடையில் எல்லாத்தையும் கொண்டுவந்தது. 243 போய் 3 ஆச்சு. (ஒரு சந்தைக்குப் பல விலைகள்னு எதிர்ப்பக்கமா போகணும்னா ப்ரீஃபெட்ச் ரிலேட்டட். அது இன்னொரு குவெரியில் மொத்தமா எடுத்து பைத்தானில் சேர்க்கும்.)

ஓ.ஆர்.எம்.மைத் திட்டுறேன்னு நினைக்காதீங்க. ஜாங்கோ 2003-ல் அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்து லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் என்ற செய்தித்தாளின் வெப் டீமில் பிறந்து, 2005-ல் வெளியே வந்தது. பத்திரிகை ஆபீஸ் அவசரத்துக்கு உருவான கருவி, அதனால் எழுதுறது சுலபம். சில இடத்தில் என்னைவிட விவரம் கூட. இந்த வருஷ விலையை மட்டும் கேட்டப்ப, நானா இருந்தா ஒவ்வொரு தேதியிலிருந்தும் வருஷத்தைப் பிரிச்சு ஒப்பிட்டிருப்பேன். அது ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரைன்னு பிட்வீன் போட்டிருந்தது. அப்பதானே தேதி இண்டெக்ஸ் உதவும்! இதுவும் படிச்சுப் பார்த்ததாலதான் தெரிஞ்சது.

இப்போ டெஸ்டில் அசர்ட் நம் குவெரீஸ் போட்டு 3 என்று பூட்டியிருக்கோம். யாராவது டெம்ப்ளேட்டில் புதுசா புள்ளி வெச்சு குவெரி ஏறினா டெஸ்ட் விழும். போன வாரமே ஒரு தடவை விழுந்தது. வெச்சது யாருன்னு கேட்காதீங்க.

பெரியம்மாவுக்கு மறுபடியும் லிங்க் அனுப்பினேன். அஞ்சு நிமிஷத்துல வாட்ஸப்ல வாய்ஸ் வந்தது: "ஏப்பா, மேலூர்ல வெண்டைக்காய் கிலோ 320 ரூவாயா?"

32. டைப் பண்ணது நான்தான்.