தீவாந்தரம் கண்டு வந்தோம்

பதினோராண்டுகளுக்கு முன் எனக்கு இரயில்வேயில் எழுத்தர் வேலை கிடைத்து, கரக்பூருக்கு உத்தரவு வந்த அன்று, தூத்துக்குடியை அடுத்த எங்கள் சிற்றூரில் என் தாயார் கண்ணீர் விட்டழுதார். "பெற்ற பிள்ளை தீவாந்தரம் போகிறானே!" என்றார். அதன் பின்னர் ஊரில் எவர் என்னைப் பற்றி விசாரித்தாலும், "அவன் தீவாந்தரத்தில் இருக்கிறான்" என்பதே அவர் விடை. எங்களிடம் வந்தாலும் இரு வாரத்திற்கு மேல் தங்கமாட்டார்.

சென்ற பூஜா விடுமுறையில் அவர் வந்திருந்த சமயம், உண்மையான தீவாந்தரத்தையே காட்டி வருவதென்று தீர்மானித்தேன். தாயார், மனைவி, பத்து வயது மகன் ஆகியோருடன் கொல்கத்தாவில் அந்தமானுக்குக் கப்பலேறினேன். இரயில்வே பாஸ் கடலைக் கடக்க உதவாது. ஓராண்டுச் சேமிப்பு கரைந்தது. ஹூக்ளி ஆற்றின் கலங்கல் நீரைக் கடந்து, கருநீலக் கடலில் சென்றோம். வடநாட்டார் இதனைக் 'காலா பானி', அதாவது கரிய நீர், என்று அஞ்சியதன் பொருள் அப்போது விளங்கிற்று. நான்காம் நாள் போர்ட் பிளேர் அடைந்தோம். 2024இல் இந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது.

முதலில் படகேறி, எதிரேயுள்ள ராஸ் தீவைக் கண்டோம். 1858 முதல் ஆங்கில அதிகாரிகள் மாளிகையும் மாதா கோயிலும் நடனக்கூடமும் அமைத்து வாழ்ந்த இடம் அது. 1941ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற்குப் பின் அது கைவிடப்பட்டது. இன்று ஆலமர வேர்கள் சுவர்களைப் பற்றி நிற்கின்றன. இடிபாடுகளிடையே புள்ளிமான்கள் மேய்கின்றன. 2018 முதல் அது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என வழங்குகிறது.

மறுநாள் செல்லுலார் சிறைக்குச் சென்றோம். 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்த கட்டடம் இது. நடுவில் ஒரு காவற்கோபுரம். அதனின்று சக்கரத்தின் ஆரக்கால்கள் போல ஏழு வரிசைகள். ஒவ்வொன்றும் மூன்று அடுக்கு. இன்று எஞ்சியிருப்பவை மூன்றே வரிசைகள். ஏறத்தாழ 700 அறைகள் இருந்தும், ஓர் அறைக்கு ஓர் ஆள்தான். ஒரு வரிசையின் முன்புறத்தினின்று பார்த்தால் அடுத்த வரிசையின் முதுகுதான் தெரியும். ஒருவர் முகத்தை மற்றொருவர் காணலாகாது என்பதற்காகவே அவ்விதம் அமைத்தனர்.

கைதிகளின் பெயர்களைப் பொறித்த பளிங்குப் பலகைகளின் முன் ஒரு வங்காளப் பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பெயரை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் தண்டனை பெற்று 1909இல் இங்குக் கொண்டுவரப்பட்ட பாரீந்திர குமார் கோஷ், உல்லாஸ்கர் தத் முதலியோரின் கதையைப் பள்ளியில் படித்தவன் என் மகன். பலகைகளை நெடுநேரம் நோக்கிவிட்டு, "நம்மவர் யாரும் இங்கு இல்லையா, அப்பா?" என்று கேட்டான். எனக்கு உடனே விடை தோன்றவில்லை.

அடுத்துச் செக்கைக் கண்டோம். மாட்டுக்குப் பதில் மனிதரைப் பூட்டி, நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டச் செய்தனராம். அளவு குறைந்தால் தண்டனை. அதைக் கண்டதும் என் தாயார், "இது நம் சிதம்பரம் பிள்ளை இழுத்த செக்கல்லவா!" என்றார்.

மகனுக்கு விடை கிடைத்துவிட்டது. தூத்துக்குடியில் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி நிறுவிய வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு, 1908இல் திருநெல்வேலி நீதிமன்றம் விதித்ததும் இரட்டைத் தீவாந்தர தண்டனையே. மேல்முறையீட்டில் அது குறைந்தமையால் இத்தீவுக்கு அவர் வரவில்லை. எனினும் கோயம்புத்தூர்ச் சிறையில் அவரும் செக்கிழுத்தார். அலிப்பூர் வழக்கினரும் அதே 1908இல் கைதானவர்களே என்று சொன்னேன். "அப்படியானால் அவரும் இவர்களும் ஒரே கூட்டம்தான்" என்றான் மகன். வங்கத்தில் பிறந்த தமிழ்ப் பிள்ளைக்கு அதைவிட நல்ல பாடம் நான் கற்பித்திருக்க இயலாது.

பின்னர் ஓர் அறைக்குள் நுழைந்தோம். பதின்மூன்றரை அடி நீளம், ஏழரை அடி அகலம். தலைக்கு மேலே உயரத்தில் ஒரு சிறு காற்றுவழி. தாயார் வெளியே வரவில்லை. சுவரைத் தடவியபடி நின்றார். "இங்கே இருந்தவனைப் பெற்றவள் அவன் முகத்தை எப்போது பார்த்திருப்பாள்?" என்று கேட்டார். சற்றுப் பொறுத்து, "நீ ஆண்டுக்கு இருமுறை வந்து நிற்கிறாய். உன் இடத்தையா நான் தீவாந்தரம் என்றேன்? பாவம், அந்தச் சொல் இவர்களுக்கு உரியது" என்றார்.

அன்பர்களே! அந்தமானின் கடற்கரையும் பவழப்பாறையும் கண்ணுக்கு விருந்துதான். ஆயினும் குழந்தைகளுடன் செல்வோர் ஒரு முழுப் பகலைச் சிறைக்கென ஒதுக்குங்கள். முதியோரையும் தவறாது அழைத்துச் செல்லுங்கள். கப்பல் இடத்திற்கு முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது நலம்.

கரக்பூர் திரும்பியதும் தாயாருக்கு ஊருக்குப் பயணச்சீட்டு எடுக்கப் புறப்பட்டேன். "அவசரம் என்ன? பொங்கல் கழித்துப் போகிறேன்" என்றார்.